கை நம்முடையது, கணக்கு யாருடையது? மலாக்கா தோட்டப்புறமும் சில்லுத் தொழிலும்

நாளிதழைத் திறந்தால் 'சில்லு' என்ற சொல் கண்ணில் படாத வாரமே இப்போது இல்லை. 2024 மே 28ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தேசிய குறைக்கடத்தி வியூகத்தை அறிவித்தார். குறைக்கடத்தி என்பது வேறொன்றுமில்லை, பேச்சில் நாம் 'செமிகண்டக்டர்' என்கிறோமே, அதுதான். அரசாங்கத்தின் பங்காக 2,500 கோடி வெள்ளி ஆதரவு, 60,000 பொறியியலாளர்களுக்குப் பயிற்சி என்பன அந்த வியூகத்தின் முக்கிய இலக்குகள். அதே ஆண்டு ஆகஸ்டில் கெடா, கூலிமில் இன்பினியோன் நிறுவனத்தின் புதிய ஆலை திறக்கப்பட்டது. 2025 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்தோடு பத்தாண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் ஓர் ஒப்பந்தம் வந்தது. சில்லுகளை வடிவமைக்க 10,000 பேரைப் பயிற்றுவிப்பது அதில் ஒரு பகுதி.

இந்தச் செய்திகளைப் படிக்கும் நம் பிள்ளைகள் பலர், இது பினாங்குக்காரர்கள் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். மலாக்கா தமிழர்கள் அப்படிப் புரட்டிவிட முடியாது. சில்லுத் தொழில் மலாக்காவுக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஜெர்மனியின் சீமென்ஸ் 1973இல் இங்கே தொடங்கிய ஆலைதான் 1999 முதல் இன்பினியோன் என்ற பெயரில் இயங்குகிறது. அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டரும் எழுபதுகளில் இங்கு வந்தது; 2011இல் அந்த நிறுவனத்தை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. பத்து பெரெண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்துக்கு ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம் வீட்டுப் பெண்களும் பேருந்தேறிப் போனார்கள். உலகின் சில்லுப் பொதியிடல், பரிசோதனைப் பணிகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்குள் நம் அத்தை, சித்திகளின் கண்பார்வையும் சேர்ந்திருக்கிறது.

அப்படியிருந்தும், ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தொழிலில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கேட்டால் பதில் அவ்வளவு பெருமையாக இல்லை. ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, சில்லுக்கு முன்பு ரப்பரைப் பார்க்க வேண்டும்.

உளியும் தங்கக் கம்பியும்

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றியது. 1896இல் மலாக்கா பாபா வணிகரான டான் சே யான், புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். சிங்கப்பூர் தாவரப் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, கண்ணில் பட்ட தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பரை நடச்சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்த காலம் அது. அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர். மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவரும் அவர்தான். அன்றைக்கு அது உயர் தொழில்நுட்பம். இன்று எல்லா நாடுகளும் சில்லுக்கு அலைவதைப்போல், மோட்டார் வண்டி பெருகிய அந்தக் காலத்தில் ரப்பருக்கு அலைந்தார்கள். புக்கிட் லிந்தாங் என்ற பெயரில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது என்பதே, அந்த அலைச்சல் யாரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்பதற்குச் சாட்சி.

என் பாட்டி ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டினார். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைவார். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், அதனால் அந்த அவசரம். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் மங்கில் பால் விழாது. இருட்டில், கைக்கணிப்பில், ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம். இதைப் படிப்பறிவு தேவையில்லாத வேலை என்று எழுதியவர்கள் ஒரு காலையாவது அந்த உளியைப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

ஆனால் வெயிலில் பால் ஏன் நிற்கிறது, எந்த மரம் ஏன் அதிகம் தருகிறது என்ற கணக்கெல்லாம் நிரையில் இல்லை. அது 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தது. ஆர்ஆர்ஐஎம் 600 போன்ற உயர்விளைச்சல் ரகங்கள் வந்தன; பட்டையில் தடவிப் பாலைப் பெருக்கும் மருந்து வந்தது. பாட்டிக்கு அவை 'புது மரம்', 'மருந்து தடவுன மரம்', அவ்வளவுதான். அவருக்கு யாரும் விளக்கவில்லை. விளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. மழை பெய்தால் வேலையில்லை. வேலையில்லை என்றால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை. கை அவருடையது, கணக்கு வேறெங்கோ.

அத்தை 1978 வாக்கில் கிலாங் பஸ் ஏறினார். பதினெட்டு வயது. அந்தக் காலத்தில் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக நம் அரசாங்கம் அச்சிட்ட ஒரு விளம்பர ஏடு பின்னாளில் ஆய்வாளர்களிடையே பேர்பெற்றது. கீழை நாட்டுப் பெண்களின் கைகள் சிறியவை, வேகமானவை, கவனமானவை என்று அது புகழ்ந்தது. போனவர்களில் பெரும்பாலோர் மலாய்க் கிராமத்துப் பெண்கள். நம் பெண்களும் போனார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, சில்லிலிருந்து அதன் கால்களுக்குத் தங்கக் கம்பி இணைப்பது அத்தையின் வேலை. தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராத கம்பி அது. பாட்டியின் உளியும் அத்தையின் கம்பியும் ஒரே வகைத் திறமையைத்தான் கேட்டன: நடுங்காத கை, பிசகாத அளவு, பழகிய பொறுமை.

வீட்டுக்குள் நடந்த மாற்றத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. தோட்டத்தில் குடும்பத்தின் உழைப்பு முழுவதும் ஒரே கையில் போய்ச் சேரும். அந்தக் கை பெரும்பாலும் தாத்தாவுடையது. அத்தையின் சம்பளம் அத்தையின் பெயரில் வந்தது, சேமிப்புப் புத்தகமும் அவர் பெயரில் இருந்தது. வீட்டுக்குத் தையல் இயந்திரம் வந்ததும், என் அண்ணன் இடைநிலைப்பள்ளியைப் பாதியில் விடாததும் அந்தப் புத்தகத்தால்தான். மாப்பிள்ளை பார்த்தபோது 'எனக்கு இது வேண்டாம்' என்று எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சொன்ன பெண்ணும் அவர்தான். ரப்பர் விலை ஏறியபோதும் நடக்காத ஒன்று, மாதச் சம்பளம் என்ற ஒரே காரணத்தால் நடந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது, 'நீங்க செய்யுற சாமான் எதுக்குள்ள போகும், அத்தை?' என்று கேட்டிருக்கிறேன். 'கால்குலேட்டர்னு சொல்றாங்க, காடின்னும் சொல்றாங்க' என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லப்படவில்லை. பாட்டிக்கு நடந்ததேதான்.

பிறகு தானியங்கி இயந்திரம் வந்தது. எண்பதுகளின் நடுவில், 1985, 86 பொருளாதாரச் சரிவில் மின்னணு ஆலைகள் ஆயிரக்கணக்கில் ஆள்குறைப்புச் செய்தன. சரிவு முடிந்து ஆலைகள் திரும்ப எழுந்தபோது, பலர் கையால் இணைத்த கம்பியை இயந்திரங்கள் இணைத்தன. பல இயந்திரங்களை ஒருவரே மேற்பார்த்தார். சிறிய, வேகமான, கவனமான கைகளைப் பற்றி அதற்குப் பின் யாரும் விளம்பரம் அச்சிடவில்லை. இயந்திரம் நின்றுவிட்டால் திறந்து பார்க்க ஆள் வேண்டும்; அந்த ஆளுக்குச் சான்றிதழ் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே ஒரு டெக்னீஷியன் பையன், ஏழெட்டு ஆண்டு அனுபவமுள்ள அத்தையைவிட அதிகம் வாங்கினான். அவனுக்குக் கை நன்றாகப் பழகியிருக்கவில்லை, கணக்குத் தெரிந்திருந்தது.

கேட்டுக்கு வெளியே நின்ற மின்சாரம்

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் நகர முடியாது. பகலில் அமெரிக்காவுக்குப் போகும் மின்னணுப் பாகங்களைச் செய்த அத்தை, மாலையில் திரும்பிவந்த லயத்தில் மின்சாரம் முழுநேரம் கிடையாது. தோட்டத்து ஜெனரேட்டர் மாலை இருட்டியதும் ஓடத் தொடங்கும். பத்து மணி வாக்கில் அணையும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குக்கு மாறுவார்கள்.

நாட்டில் மின்சாரம் இல்லாமலா? இருந்தது. கிராமப்புறங்களுக்கு அரசாங்கம் கம்பம் நட்டு, குழாய் பதித்து, சாலை போட்டது. தோட்டமோ தனியார் நிலம். அதனால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்களின் எல்லை பெரும்பாலும் தோட்டத்துக் கேட்டோடு நின்றது. உள்ளே என்ன வசதி என்பது கம்பெனியின் விருப்பம். தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 446ஆவது சட்டம் 1990இல் வந்தது. தொழில்நுட்பம் தானாகவே எல்லாரிடமும் வந்து சேரும் என்று யாராவது மேடையில் சொன்னால், தோட்டத்தில் வளர்ந்தவர்கள் புன்னகைத்துக்கொள்ளலாம். வந்து சேர்வதற்கு முன் அது யாருடைய நிலத்தைக் கடக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

முழுநேர மின்சாரம் ஒருவழியாக லயத்துக்கு வந்தபோது லயத்தில் ஆட்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவைப்படும் ஆட்கள் குறைவு. வந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் எடுக்கப்பட்டார்கள். சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் பட்டணத்து மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தன. மலாக்காவில் உள்ள 20க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயர்ப் பலகையில் இன்னும் 'தோட்டம்' இருக்கிறது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலர் ஒரு ரப்பர் மரத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை.

ஆனால் கேட்டுப் பிரச்சினை நம்மை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பள்ளிகள் இயங்கலைக்கு மாறியது நினைவிருக்கும். அப்போது கல்வியமைச்சு நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. சொந்தமாகக் கணினி வைத்திருந்தவர்கள் 6 விழுக்காட்டினர் மட்டுமே. மலாக்காவின் சில்லு ஆலைகள் சிறப்பு அனுமதியோடு இயங்கிக்கொண்டிருந்த மாதங்களில்தான், ஒரே திறன்பேசிக்கு மூன்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அப்பா வேலையிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் காலை ஏழரை மணிப் பாடத்தைப் புலனத்தில் திறந்து பார்க்க முடிந்தது. அரசாங்கத் தொடர்பு நிறுவனங்களின் நிதியில் 150,000 மடிக்கணினிகள் வழங்கும் 'செர்டிக்' திட்டம் பின்னர் வந்தது. பயனுள்ள திட்டம்தான். அது வருவதற்குள் போன மாதங்களை யார் திருப்பித் தருவது?

இன்று கருவிக்குப் பஞ்சம் குறைந்துவிட்டது. ஐந்தாம் படிவ மாணவன் கையில் இல்லாத திறன்பேசி இல்லை. அந்தத் திறன்பேசியால் அவன் என்ன வேலை செய்கிறான் என்பதுதான் அடுத்த கேள்வி. எஸ்பிஎம் முடித்தவுடன் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் இளைஞர்களை ஆயர் குரோவிலும் பட்டணத்திலும் பார்க்கிறேன். உழைப்பைக் கேவலமாகப் பேசும் பழக்கம் எனக்கில்லை; மழையிலும் ஓடுகிறார்கள், வீட்டுக்குப் பணம் தருகிறார்கள். 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் மசோதா அவர்களுக்குச் சொக்சோ பாதுகாப்பும், தகராறு வந்தால் முறையிட ஒரு நடுவர் மன்றமும் தர முனைந்தது, அதை வரவேற்கிறேன். ஆனால் எந்த ஆர்டர் யாருக்குப் போகும், எந்தத் தூரத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் கணக்கு அந்தச் செயலிக்குள் இருக்கிறது. பாட்டிக்கு ஒரு கங்காணி இருந்தார். அவரோடு சண்டையாவது போடலாம். கோயில் திருவிழாவில் முகத்தைத் திருப்பிக்கொள்ளவாவது செய்யலாம். செயலியிடம் முகம் திருப்பி என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் படிவத்தின் கடைசி மாதங்கள்

நம் பிள்ளைகளுக்கு அறிவியல் வராது என்ற பேச்சு ஒன்று உண்டு. அதை நான் ஏற்பதில்லை. 'அஸ்தி' அமைப்பு தமிழ்ப்பள்ளிகளுக்கு நடத்தும் அறிவியல் விழாவுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் தங்கள் சோதனையை விளக்கும்போது எதிரில் நிற்கும் பெரியவர்தான் திணறுவார். ஆரம்பப்பள்ளியில் இருக்கும் அந்தத் துடிப்பு நான்காம் படிவத்துக்குள் எங்கே போகிறது?

மொழி ஒரு காரணம். என் உறவில் ஒரு குடும்பம்: மூத்தவள் ஆரம்பப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தாள். இரண்டாமவன் 2003இல் தொடங்கிய கொள்கையால் அறிவியல், கணிதம் இரண்டையும் ஆங்கிலத்தில் படித்தான். அந்தக் கொள்கை மீட்டுக்கொள்ளப்பட்டதும் கடைக்குட்டி மறுபடி தமிழில். மூவருமே இடைநிலைப்பள்ளியில் மலாய்க் கலைச்சொற்களைச் சந்தித்தார்கள். 'ஒளிச்சேர்க்கை' தெரிந்த பிள்ளை 'போதோசிந்தேசிஸ்' என்ற சொல்லின்முன் அமைதியாகிவிடுகிறது. ஆசிரியர் அதைப் புரியாமை என்று எடுத்துக்கொள்கிறார். நாளடைவில் பிள்ளையும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. புகுமுக வகுப்பிலும் முதலாம் படிவத்திலும் மூன்று மொழிக் கலைச்சொற்களையும் ஒரே நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிவைக்கும் பழக்கம் சின்ன வேலைதான். அதைச் செய்த பிள்ளைகள் தடுமாறாமல் கடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம் புதியது, பெற்றோர் பலர் இன்னும் கவனிக்காதது. 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பு இல்லை. 'ஸ்டெம்' பாடத் தொகுப்புகளும் பிற தொகுப்புகளும்தான். யுபிஎஸ்ஆர் 2021இல் போனது, பிடி3 2022இல் போனது. முன்பெல்லாம் தேர்வு முடிவு வந்து கதவைத் தட்டும். குடும்பமே உட்கார்ந்து என்ன படிப்பது என்று பேசும். இப்போது அப்படித் தட்டும் நாள் எதுவுமில்லை. மூன்றாம் படிவத்தின் கடைசி மாதங்களில் ஒரு பாரம் வரும். 'கூடுதல் கணிதம் கஷ்டமாம்' என்று நண்பன் சொன்னதைக் கேட்டுப் பிள்ளை ஒரு தொகுப்பைக் குறிக்கும். அப்பாவோ அம்மாவோ கையெழுத்திடுவார்கள். இயற்பியலும் கூடுதல் கணிதமும் இல்லாத தொகுப்பில் கையெழுத்திட்டால், 60,000 பொறியியலாளர்கள் என்ற அந்தத் தேசிய இலக்கிலிருந்து அந்தப் பிள்ளையின் பெயர் பதினைந்து வயதிலேயே பெரும்பாலும் விலகிவிடுகிறது. யாரும் அவனை விலக்கவில்லை. அதனால் போராட்டமும் இல்லை, மனுவும் இல்லை.

கதவுகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. மெட்ரிகுலேஷன் இடங்களுக்காக நம் சமூகம் ஆண்டுதோறும் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். 10ஏ பெற்ற எல்லா இனத்து மாணவருக்கும் இடம் உறுதி என்ற அறிவிப்பே 2024இல்தான் வந்தது. எட்டு ஏ, ஒன்பது ஏ எடுத்தவர்களின் கவலை அதோடு தீரவில்லை. படித்து முடித்த பொறியியலாளர்கள் தொடக்கச் சம்பளம் போதாமல் சிங்கப்பூருக்குப் போவதும் உண்மை. இருந்தாலும் இயந்திரத்தைத் திறக்கத் தெரிந்தவனுக்கும் அதன் பக்கத்தில் நிற்பவனுக்கும் இருக்கும் வேறுபாட்டை அத்தை காலத்திலேயே பார்த்துவிட்டோம். மேலும் எல்லாரும் பட்டப்படிப்புதான் படிக்க வேண்டும் என்பதில்லை. மின்னியல், இயந்திரவியல் டிப்ளோமாவுக்கு மெர்லிமாவ் போலிடெக்னிக் ஜாசின் மாவட்டத்திலேயே இருக்கிறது. மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யுடெம், ரப்பர் சூழ்ந்த ஊராக இருந்த டுரியான் துங்கலில் நிற்கிறது. நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகமான எம்எம்யூவின் வளாகம் புக்கிட் பெருவாங்கில். நம் தோட்டங்களைச் சுற்றி இவ்வளவு இருந்தும், இவற்றுக்குள் ஒரு முறைகூட நுழைந்து பார்க்காமல் எஸ்பிஎம் முடிப்பவர்கள் ஏராளம்.

மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக்குப் பேருந்து பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். அதே பேருந்துக்காரரிடம் ஒரு சனிக்கிழமைக்கு வாடகை பேசி, மூன்றாம் படிவப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றி, காலையில் மெர்லிமாவ், மதியம் டுரியான் துங்கல் என்று காட்டிவிட்டு வரலாம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் கோயில் இளைஞர் பிரிவுகளுக்கும் இது முடியாத செலவல்ல. கல்விக்கழகங்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும். பட்டறையில் இயந்திரத்தைத் திறந்து காட்டச் சொல்லியும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடலாம். பாடத் தொகுப்புப் பாரம் பிள்ளைகளின் கைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே போய்விட்டு வருவது நல்லது.